கோப்பி வடிக்கும் கடதாசி

வீட்டுச் செலவுக்குக் கணக்கு எழுதுகின்ற நாம், வீட்டு வேலைக்குக் கணக்கு எழுதுவதில்லை. அரிசிக்கும் பருப்புக்கும் கணக்குண்டு. எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் கணக்குண்டு. ஆனால் அரிசியைக் களைந்தவரின் நேரத்துக்கும், பாத்திரம் துலக்கியவரின் தோள்வலிக்கும் எவருடைய கணக்கிலும் இடமில்லை. பொருளியல் அறிஞர் பலர் இதனை எடுத்துச் சொல்லியிருக்கின்றனர். எனக்கு அதனை ஐயந்திரிபற உணர்த்தியதோ, கோப்பி வடிப்பதற்கென்று விற்கப்படும் ஒரு மெல்லிய கடதாசிப் பையாகும்.

1985ஆம் ஆண்டு ஜேர்மனிக்குப் போன என் தங்கை, சில ஆண்டுகளுக்கு முன்னர் விடுமுறையில் யாழ்ப்பாணம் வந்தபோது நூறு கடதாசிப் பைகள் கொண்ட பெட்டியொன்றையும், அவற்றைத் தாங்குவதற்கான பீங்கான் கூம்பொன்றையும் கொண்டுவந்தாள். எண்பது வயதைக் கடந்த எங்கள் அம்மா ஒரு பையை எடுத்து வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தார்.

“ஒருக்கால் குடிக்கிறதுக்கு ஒரு கடதாசியே? காசைக் கரியாக்கிற வேலை, பிள்ளை. துணியெண்டால் ஒரு சதமும் செலவில்லை” என்றார்.

“உந்தத் துணியைக் கழுவிக் காயப்போட்டது ஆர், அம்மா? நீங்கள்தானே. உங்களுக்கு ஆர் சம்பளம் தந்தது?” என்று தங்கை கேட்டாள்.

“எனக்கேன் சம்பளம்? நான் என்ரை வீட்டு வேலையைச் செய்தனான்.”

இந்தச் சிறு உரையாடலில் ஒரு பெரிய வழக்கே அடங்கியிருந்தது. இரு தரப்பினருடைய வாதத்தையும் ஆராய்ந்து பார்த்தல் பயனுடையது என எண்ணுகிறேன்.

அம்மாவின் துணி வடியை நான் நன்கறிவேன். கம்பி வளையமொன்றில் வெள்ளைத் துணியைப் பைபோலத் தைத்து வைத்திருந்தார். வறுத்து இடித்த கோப்பித் தூளோடு மல்லியும் சுக்கும் கலந்திருக்கும். விடியற்காலையில் அதனை வடித்து முடிந்ததும், மண்டியை முருங்கையடியிற் கொட்டிவிட்டு, கிணற்றடியில் வைத்துத் துணியை அலசிப் பிழிந்து கொடியிற் போடுவார். மாலையில் மறுபடியும் அதே வேலை. கிழமைக்கொரு தடவை கொதிநீரில் அவித்தெடுக்க வேண்டும். இல்லையேல் கோப்பியின் எண்ணெய் துணியில் ஊறிக் காறத் தொடங்கிவிடும். மாரி காலத்தில் துணி காயாது. புளித்த மணம் வீசும். அப்போது அடுப்பங்கரையிற் பிடித்துக் காயவைப்பார். ஒவ்வொரு நாளும் இதற்குப் பத்து நிமிடந்தான் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய அறுபது மணித்தியாலமாகிறது. ஐம்பது ஆண்டுக்கு மூவாயிரம் மணித்தியாலம். நாளுக்கு எட்டு மணித்தியால வேலை என்று பார்த்தால், ஒரு துணித் துண்டைத் துவைப்பதற்கு மட்டும் ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட முழுநேர உழைப்பு! துணிக்குச் செலவில்லை என்று நாம் சொல்லிவந்ததன் பொருள், துவைத்த கைக்குக் கூலியில்லை என்பதேயாகும்.

தங்கை கொண்டுவந்த கடதாசியும் இதேபோன்றதொரு சமையலறையிலேதான் பிறந்தது. ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரில் மெலிற்றா பென்ற்ஸ் என்னும் பெண் வாழ்ந்தார். 1873இற் பிறந்த அவர், இரு ஆண் பிள்ளைகளுக்குத் தாய். அக்காலத்திலே அங்கும் கோப்பியைக் கொதிக்கவைத்து மண்டி அடியிற் படியும்வரை காத்திருந்தனர். அன்றேல் துணியால் வடித்தனர். முன்னதிலே மண்டி நாவிற் படும்; கசப்பும் மிகும். பின்னதிலே துணி துவைக்கும் தொல்லை. மெலிற்றா ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியை ஆணியால் துளைத்தார். மகனுடைய பாடசாலைக் கொப்பியிலிருந்து மை ஒற்றும் கடதாசியைக் கிழித்து அதன்மீது வைத்தார். கோப்பித் தூளிட்டுக் கொதிநீர் ஊற்றினார். தெளிந்த கோப்பி கீழே சொட்டிற்று. மண்டி கடதாசியோடு எறியப்பட்டது. துவைப்பதற்கு ஒன்றும் எஞ்சவில்லை.

இத்தகைய சிறு உபாயங்களை உலகெங்கும் பெண்கள் நாள்தோறும் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கின்றனர். அவற்றிற் பெரும்பாலானவை சமையலறைச் சுவரைத் தாண்டுவதில்லை. மெலிற்றா தாண்டினார். 1908 யூன் 20ஆந் திகதி பேர்லினிலிருந்த பேரரசின் காப்புரிமை அலுவலகத்தில் அவருடைய வடி பதிவு செய்யப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பர் 15ஆந் திகதி, 73 பெனிக் என்னும் சில்லறைக் காசை மூலதனமாகக் கொண்டு அவருடைய நிறுவனம் பதிவாயிற்று. குடியிருந்த வீடே தொழிற்சாலை. கணவரும் பிள்ளைகளுமே தொழிலாளர். மறு ஆண்டு லைப்சிக் சந்தையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வடிகள் விற்பனையாயின. 1929இல் தொழிற்சாலை மின்டன் நகருக்கு மாறிற்று. இன்று நாம் காணும் கூம்பு வடிவமும், அதற்கேற்ற கடதாசிப் பையும் 1930களில் வந்தவை.

ஜேர்மனியப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1918இலே என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நாட்டின் ஆட்சியைத் தெரிவு செய்யும் தகுதி தனக்கில்லை என்று சட்டம் சொன்ன காலத்தில், ஒரு குடும்பப் பெண் தன் சமையலறை அறிவைத் தன் பெயராலேயே பதிந்துகொண்டார். அவர் பின்னாளில் முதலாளியானவர். அவரைத் தொழிலாளரின் தோழராக்கிக் காட்ட நான் முயலவில்லை. நான் வலியுறுத்த விரும்புவது வேறு. அந்தக் கண்டுபிடிப்பின் ஊற்று, துணி துவைத்துச் சலித்த ஒரு கையின் அநுபவம். அந்த அநுபவம் எங்கள் கிணற்றடியிலும் இருந்தது. அதனைப் பதிந்துகொள்ள ஓர் அலுவலகம் உண்டென்று எங்கள் தாய்மாருக்குச் சொல்வாரில்லை.

இனி, கடதாசி செய்யும் வேலையைப் பற்றிச் சிறிது கூறுவேன். பையின் தைத்த ஓரங்களை மடித்துக் கூம்பில் இருத்தி, முதலிற் சிறிது வெந்நீரால் நனைத்து அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். கடதாசியின் மணம் போய்விடும். கால் லீற்றர் தண்ணீருக்குப் பதினைந்து கிராம் தூள் போதும். கொதித்து இறக்கிய நீரிற் சிறிதளவை ஊற்றித் தூள் பொங்கி அடங்குமட்டும் அரை நிமிடம் பொறுத்து, மீதியை மெல்ல மெல்ல ஊற்றினால், மூன்று நான்கு நிமிடத்தில் வடிந்துவிடும். எங்கள் வீட்டு இடித்த தூளை முதலில் இட்டபோது வடிய மறுத்தது; மாவு போன்ற தூள் கடதாசியின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கிறது. ரவை போலச் சற்றுக் கரகரப்பாக அரைத்தபின் தடையில்லை.

கடதாசி மண்டியை மட்டுமன்றி, கோப்பியின் எண்ணெய்ப் பசையையும் பெருமளவு பிடித்து வைக்கிறது. அப்பசையிலே கபெஸ்ரோல் என்றொரு பொருள் உண்டு. அது குருதியிற் கொலஸ்ரறோலைக் கூட்டுவது. நோர்வே நாட்டின் துறொம்சோ நகரில் நடந்த ஆய்வொன்று, கோப்பி மிகுதியாகக் குடிப்போரிடம் கொலஸ்ரறோல் உயர்ந்திருப்பதை 1983இல் வெளியிட்டது. வடிக்காமற் கொதிக்கவைத்த கோப்பியே இதற்குப் பெருங் காரணம் என்பதும், கடதாசி அப்பொருளைத் தடுத்துவிடுகிறது என்பதும் பின்னர் தெளிவாயின. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட நோர்வே மக்களை ஏறக்குறைய இருபது ஆண்டு பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வும், வடித்த கோப்பி குடித்தோரிடையே இறப்பு வீதம் குறைவாயிருந்ததைக் காட்டிற்று. இவ்வாய்வுகளைக் கொண்டு துணி வடியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் முறையன்று. ஆங்கு ஒப்பிடப்பட்டவை வடித்த கோப்பியும் வடிக்காத கோப்பியுமேயாம்.

எனவே கடதாசிதான் வென்றதென்று தீர்ப்புக் கூறிவிடலாமா? அதுவும் அவசரமாகும். அம்மாவின் வாதத்திலும் உண்மையுண்டு. எறியப்படும் ஒவ்வொரு கடதாசிக்குப் பின்னும் ஒரு மரமும் ஓர் ஆலையும் இருக்கின்றன. வெண்மைக்காகக் குளோரீனால் வெளுத்த கடதாசியிலும், அத்தகைய ஆலைகளின் கழிவு நீரிலும் டயொக்சின் என்னும் நஞ்சு இருப்பது 1980களில் வெளிப்பட்டது. நுகர்வோர் எதிர்ப்புக் கிளம்பியபின்னரே ஒட்சிசனால் வெளுக்கும் முறையும், வெளுக்காத பழுப்புக் கடதாசியும் கடைகளிற் பரவின. அதுவரை ஒரு வீட்டின் துவைக்கும் தொல்லை, ஆலைக்குக் கீழே ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களின் தலையில் இறங்கியிருந்தது. தொல்லை ஒழிவதும் தொல்லை இடம்மாறுவதும் ஒன்றல்ல.

கோப்பியின் வரலாற்றிலே இவ்விடமாற்றம் புதியதன்று. இலங்கையர் இதனை மறத்தலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பியே இத்தீவின் தலையாய ஏற்றுமதிப் பயிர். ஐரோப்பியர் வீட்டு மேசைக்கு அதனைச் சேர்ப்பித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஏழைத் தமிழ்த் தொழிலாளர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் பலர். 1869இல் இலைத்துரு நோய் தோன்றிப் பின்னர் கோப்பித் தோட்டங்களை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. மெலிற்றா கடதாசி கிழித்த காலத்தில் எங்கள் மலைகளிற் கோப்பி ஏற்கெனவே பழங்கதை. எனினும் பழம் பறித்த கையின் உழைப்பு கோப்பியின் விலையில் எவ்வளவு ஏறியது என்ற கேள்வி, துணி துவைத்த கையைப் பற்றிய கேள்வியோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டிலும் குடிப்பவர் மலிவென்று கருதியது, வேறொருவர் கூலியின்றியோ அரைக்கூலிக்கோ உழைத்ததனால் வந்த மலிவு.

தங்கை ஜேர்மனிக்குத் திரும்பியபின் தொலைபேசியில் ஒருநாள் சொன்னாள்: “விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி வேலைக்குப் போறன், அண்ணை. எனக்குத் துணி கழுவித் தர இஞ்சை ஆர் இருக்கினம்?” அவளுக்குக் கடதாசி ஆடம்பரமன்று. கூலிக்கு உழைத்துவிட்டு வீட்டிலும் உழைக்கின்ற ஒருத்தி, தன் நாளிலிருந்து மீட்டெடுத்த பத்து நிமிடம். அம்மாவுக்கோ நேரம் என்பது தன்னுடையதாகவே ஒருபோதும் கணிக்கப்படவில்லை; ஆகையால் அதனை மீட்கும் எண்ணமும் எழவில்லை. இருவருக்குமிடையே உள்ள வேறுபாடு சிக்கனமும் ஊதாரித்தனமுமன்று. ஒருத்தி தன் நேரத்துக்கு விலையுண்டென்று தொழிற்சாலையிற் கற்றுக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு நியதி ஏற்பட்டிருக்கிறது. கடதாசி இருக்கும் நாளில் கடதாசி. ஈரக் கடதாசியும் மண்டியும் சேர்ந்தே முருங்கையடிக்குப் போகின்றன, உக்கிப் பசளையாகின்றன. இல்லாத நாளில் துணி. அந்தத் துணியைத் துவைப்பவன் நான். அம்மா முதலில் இதனை ஒப்பவில்லை. “ஆம்பிளை கிணற்றடியிலை நிண்டு வடி கழுவிறதே? ஆரும் பாத்தால் என்ன சொல்லுவினம்?” என்றார். பார்த்தவர் உண்டு, சிரித்தவரும் உண்டு. துணி சுத்தமாகவே காய்ந்தது.

2017இல் இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று அளவீடு செய்தது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிக நேரத்தைச் செலவிடுகின்றனர் என்பது அதிலே இலக்கங்களாகப் பதிவாயிற்று. வீடுகளில் எழுதப்படாத கணக்கை நாடு எழுதத் தொடங்கியமை வரவேற்கத் தக்கது. ஆயினும் நாட்டின் மொத்த உற்பத்தி என்று கூறப்படும் தொகையில், கிணற்றடி உழைப்புக்கு இன்னமும் இடமில்லை. கடதாசிப் பையை ஆலை செய்தால் அஃது உற்பத்தி. அதே பயனைத் தாயின் கை தந்தால் அது வெறும் பழக்கம்! இந்தக் கணக்கு முறையைத் திருத்தாமல், துணியா கடதாசியா என்று வாதிடுவதிற் பொருளில்லை. எதனால் வடித்தாலும், வடித்தவரின் உழைப்பை முதலில் எழுதிவிட்டுப் பின்னர் செலவைக் கூட்டுவோம்.