முனை மழுங்கிய ஊசி

படம் காட்டிப் பயத்தை மூளை அலையில் அளக்கும் எங்கள் ஈஈஜி அறைக்குப் புதிதாக வேலை பழக வரும் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது, பயத்தோடு சேர்த்துப் பேசப்படும் அமிக்டலாவைத்தான். அது மூளையின் ஆழத்தில் கிடக்கிறது. தலைத்தோலில் வைக்கும் எலக்ட்ரோடுக்கு எட்டாது. மேலே வந்து சேரும் அலையையாவது சுத்தமாக எடுக்கப் பழகுங்கள் என்பேன்.

சோதனைக்கு வருபவரைத் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருப்போம். அப்படியும் வீட்டில் அம்மா ஒரு சொட்டுத் தடவி அனுப்பியிருப்பார். துடையுங்கள். மூக்கின் அடிக்குழியிலிருந்து பிடரி மேடு வரை டேப் பிடித்து, உச்சியில் சிஇசட் புள்ளியைக் குறித்து, கேப் மாட்டி, துளைக்குத் துளை முடியை விலக்கி ஜெல் விடுங்கள். தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான இம்பீடன்ஸ் (மின்தடை) 5 கிலோஓமுக்குக் கீழே இறங்கும்வரை அவசரப்படக் கூடாது.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த அக்கா, ஜெல் சிரிஞ்சை எடுத்ததும் முதலில் தன் உள்ளங்கையில் அழுத்திக் காட்டுவார். பிறகு வந்தவர் விரலில். முனை மழுங்கியது, குத்தாது. இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று திரையே சொல்லும். ஊசியைக் கண்டு மிரண்டவர் தாடையை இறுக்குவார். காதுகளுக்கு மேலே உள்ள டி7, டி8 இரண்டிலும் தசை அலை புல்லாய் முளைக்கும். கண்ணை மூடச் சொன்னாலும் பிடரிப் பக்கத்து ஆல்ஃபா எழும்பாது. வியர்வை பேஸ்லைனை இழுத்துக்கொண்டே போகும். படம் காட்டும் முன்பே பயம் வந்து உட்கார்ந்துவிட்டால், நாம் அளப்பது நம் அறையைத்தான்.

படத்தால் வரும் பயம் வேறு. காயம்பட்ட உடலோ சீறும் நாயோ திரையில் வந்தால், அரை நொடிக்குள் உச்சியை ஒட்டி நேர்மின் அலை எழுந்து, படம் இருக்கும்வரை இறங்காமல் நிற்கும். கூடைக்கும் நாற்காலிக்கும் அப்படி நிற்காது. (மனத்தைக் கிளறும் இனிய படத்துக்கும் நிற்கும், அதை மறைக்காதீர்கள்.) அந்த நேரத்தில் ஒரு பீப் ஒலி விட்டால், அதைக் கவனித்ததற்கு வரவேண்டிய பி300 என்ற அலை சிறுத்துவிடும். காது கேட்கத்தான் செய்கிறது. கவனத்தில் பெரும்பங்கைப் படம் எடுத்துக்கொண்டது. ஒரே படத்தில் இதெல்லாம் தெரியாது. பல படங்களுக்கு எடுத்துச் சராசரி போட்டால்தான் அலை தலைகாட்டும்.

ஒரு மாணவர் கொடூரப் படங்களைக் கலைக்காமல் வரிசையாக அடுக்கிவிட்டார். பாதிக்கு மேல் அலை படுத்துவிட்டது. பயம் மரத்துவிட்டது என்று எழுதப்போனார். அக்கா நெற்றியின் இரு ஓரத்து எஃப்7, எஃப்8-ஐப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு படத்துக்கும் கண் ஓரத்துக்கு விலகியது அங்கே பதிவாகியிருந்தது. பார்க்கப் பயந்து, படத்தின் மூலையிலிருந்த வெற்றுச் சுவரைப் பார்த்திருக்கிறார் சோதனைக்கு வந்த மனிதர். பதிவை அழித்துவிடலாமா என்று மாணவர் கேட்டார். அக்கா விடவில்லை. புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் முதலில் திறந்து காட்டுவது அந்தப் பதிவைத்தான்.