ஓடிப்போகும் புள்ளி

அன்புத் தங்கச்சிக்கு,

உம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை. நீ போனை எடுப்பதில்லை என்ற புலம்பல்தான் தாங்கவில்லை. முதலில் அவரோடு பேசு.

அரபு எழுத்தில் தமிழை எழுதிய வாப்பும்மாவின் அரபுத்தமிழ் நோட்டை நீ கணினியில் ஏற்றுகிறாய் என்று கேட்டதும் அப்படி ஒரு சந்தோஷம். அதை எழுத்துக்கூட்டி வாசிக்க நம் வீட்டில் இனி யார் இருக்கிறார்கள்? ஆனால் நீ அனுப்பிய கோப்பைப் பார்த்துப் பயந்துவிட்டேன். முற்றுப்புள்ளி தப்பான பக்கம் தெரிகிறதென்று, அதை வரியின் முதலிலேயே அடித்து வைத்திருக்கிறாயே பிள்ளை! கோப்புக்குள் எழுத்துகள் வாசிக்கும் வரிசையில்தான் இருக்கவேண்டும். வலமிருந்து இடமாகக் காட்டுவது எடிட்டரின் வேலை. திரைக்காக நீ மாற்றி அடித்தால், அச்சகத்தில் ஒழுங்கான மென்பொருளில் திறக்கும்போது எல்லாம் புரண்டு நிற்கும்.

அரபு எழுத்துக்குத் திசை உண்டு, தமிழுக்கும் உண்டு. புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் கிடையாது. கல்யாண வீட்டுச் சிறுபிள்ளைகள் மாதிரி, பக்கத்தில் யார் போகிறார்களோ அவர்கள் பின்னால் போய்விடும். வரிக் கடைசியில் நின்றால் பத்தியின் திசைதான் அதற்குத் திசை. உன் பத்தி இன்னும் இடமிருந்து வலமாகவே இருக்கிறது. நோட்பேடில் வலப்பக்கத்து கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்து, திரும்பிவிடும். இடப்பக்கத்து இரண்டை அழுத்தினால் பழையபடி ஆகும். தமிழ் வரிக்கு நடுவே அரபு வாசகம் வந்தால் இது உதவாது. அங்கே வாசகத்தின் புள்ளியை அடுத்து ஆர்.எல்.எம். என்ற குறியைப் போடு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் புள்ளியைப் பிடித்து வைக்கும்.

அரபு வரிக்குள் ஹிஜ்ரி தேதிக்குச் சிறுகோடு போடாதே, நாளும் வருடமும் இடம் மாறித் தெரியும். சாய்கோடு போடு. எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியே நின்றால் அதே கோப்பை பிரவுசரில் திறந்து பார். அங்கே ஒட்டியிருந்தால் கோப்பில் குற்றமில்லை, எடிட்டரை மாற்று. சேமிப்பது மட்டும் யூ.டி.எஃப்-8 ஆக இருக்கட்டும்.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. ட, ப, ழ ஒலிகளுக்கு அரபு எழுத்தில் கூடுதல் புள்ளி வைத்து எழுதியிருப்பார்கள். சாதாரண அரபு விசைப்பலகையில் அவை கிடைக்காது. கிடைக்கவில்லை என்று சாடையில் ஒத்த வேறொன்றை அடித்துவிடாதே. அந்த இடங்களில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு வை. அந்தப் பக்கங்களை வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு, பெரிய வாப்பாவிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.

உன் காக்கா