புரட்டாசியும் எங்கள் அடுப்பும்

புரட்டாசி பிறந்தால் எங்கள் தெருக் கோழிக்கடைக்காரர் ஈ ஓட்டுவார். விலை இறங்கும். எங்களுக்கு லாபம்தான்.

இருவரும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் இரண்டு. வீடு திரும்ப ஏழரை ஆகும். சாயங்கால மழை வேறு. திங்கள் ரசம், முட்டைப் பொரியல். செவ்வாய் தோசை, புதன் அதே மாவில் ஊத்தப்பம். வியாழன் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. மறுநாளும் அதுதான், ருசி கூடியிருக்கும். சனிக்கிழமை கீழே வீட்டுக்காரர்கள் தளிகை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புவார்கள். சாப்பிடுவோம்.

ஞாயிறுதான் சிக்கல். மாட்டுக்கறியைக் கறுப்புப் பையில் சுற்றி எடுத்து வருவோம். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் குக்கர் வைப்பது. முன்பிருந்த வீட்டை இந்த வாசனைக்காகத்தான் காலி செய்யச் சொன்னார்கள் (வாய்விட்டுச் சொன்ன காரணம், மகன் குடிவருகிறான்).

போன வாரம் சின்னவள் கேட்டாள்: "அவங்க பொங்கல நாம வாங்கிக்கிறோம்ல, நம்ம கறிய ஏன் குடுக்கல?"

உணவுரிமை பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் நாங்கள். "புரட்டாசிடா, சாப்பிட மாட்டாங்க" என்று தப்பித்தோம்.

"அப்ப ஐப்பசில குடுக்கலாமா?"

குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தோம். பத்து மாத அட்வான்ஸ் அவர்களிடம் இருக்கிறது.