முப்பத்து நான்கு கிராம் வேகன்

“கைய நீட்டுங்க தம்பி” என்றார். உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது ஒரு நிலக்கரி வேகன். நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம். ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது.

சேலத்தில் ஒரு மாடி அறை. ரயில்வேயில் கேரேஜ்-வேகன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வண்டி கிளம்புமுன் சக்கரம், பிரேக், கொக்கி என்று குனிந்து குனிந்து பார்த்து ‘ஃபிட்’ சொல்லும் வேலை. அப்போது பார்த்த அதே பாக்ஸ்-என் ரக நிலக்கரி வேகனை இப்போது 87-இல் ஒரு பங்காகச் செய்கிறார். பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டிப் பெட்டியை ஒட்டுவது இவர். அடியில் சக்கரங்களைத் தாங்கும் போகியைக் கம்ப்யூட்டரில் வரைந்து அச்செடுத்துத் தருவது அக்கா மகள். “மாமா ஒரு மில்லிமீட்டருக்கு மூணு நாள் சண்டை போடுவார்” என்றாள் அவள்.

எடையில்தான் முதலில் மாட்டிக்கொண்டாராம். காலி பாக்ஸ்-என் 22.47 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடையை 87-ஆல் மூன்று தடவை வகுக்க வேண்டும். வருவது 34 கிராம். கணக்கு சரி, வண்டி ஓடவில்லை. வளைவு வந்தாலே தடம்புரண்டது. பெட்டியின் தரைக்கு அடியில் ஈயத்தகடு ஒட்டி 100 கிராம் பக்கம் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். இந்த அளவில் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரவேண்டும். கடையில் கிடைக்கிற தண்டவாளமோ வெளிநாட்டுப் பாதையை வைத்துச் செய்த 16.5. அதனால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நிற்கின்றன. அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. சொன்ன பிறகு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

மறுநாள் மேச்சேரி ரோடு பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் மூவரும் நின்றோம். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி வண்டி. ஒரு ரேக்குக்கு 58 வேகன், வேகனுக்கு 58 டன்னுக்கு மேல் சரக்கு. சின்ன வயதுப் பழக்கம், எண்ண ஆரம்பித்தேன். அவர் எண்ணவில்லை. தலையைச் சாய்த்துச் சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிட்டத்தில் பார்த்தால் ஒரு வேகனுக்கும் பக்கம் நேராக இல்லை. கரி உள்ளிருந்து தள்ளித் தள்ளி, கர்ப்பிணி வயிறு மாதிரி புடைத்திருந்தன. மேல் விளிம்பில் இயந்திரம் இடித்த நெளிவுகள். மின் நிலையத்தில் வேகனை டிப்ளரில் ஏற்றி, இறுகப் பிடித்து, அப்படியே குப்புறக் கவிழ்ப்பார்கள். மழைக்காலத்தில் ஈரக்கரி மூலையில் அப்பிக்கொள்ளும். கடப்பாரை எடுத்துக் குத்த ஆள் வேண்டும். “அந்த ஆளைத்தான் என் மாடல்ல வைக்க முடியல” என்றார்.

பக்கத்தில் எழுதிய 11 இலக்க எண்ணைப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார். ஐந்தாவதும் ஆறாவதும் வேகன் பிறந்த வருஷம். அதற்குள் நாலைந்து வேகன் கடந்துபோய் என் எண்ணிக்கை குழம்பிவிட்டது.

கடைசி பெட்டி போனதும் கேட்டார்: “நடுவுல ஒண்ணுல கதவைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தாங்களே, பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றவில்லை. பழைய ஹெட்போன் ஒயரை உரித்து, தலைமுடி கனத்தில் ஒரு செம்பு இழையைப் பிரித்தெடுத்தார். பெட்டிப் பக்கத்தை ஹேர் டிரையரில் சூடுகாட்டி, கட்டைவிரலால் உள்ளிருந்து லேசாக வெளியே தள்ளினார். பிறகு நகமளவுகூட இல்லாத அந்தக் கதவைச் சுற்றி, இடுக்கியால் இரண்டு முறுக்கு.

“மூணு முறுக்கு மாமா” என்றாள் அக்கா மகள், எட்டிப் பார்த்து. அவள் போனில் படம் எடுத்திருந்தாள்.