ஒரு பந்தின் விலை 49 லட்சம்

தோழர்களே, முதலில் ஒரு கணக்கு.

2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுகளுக்கான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமையை, 2022 ஜூன் மாதம் இந்தியக் கிரிக்கெட் வாரியம் 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. அப்போது போட்ட திட்டப்படி மொத்தம் 410 ஆட்டங்கள். வகுத்துப் பாருங்கள். ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி. இரண்டு அணிக்கும் சேர்த்து 240 பந்துகள். ஆக, ஒரு பந்துக்குச் சுமார் 49 லட்சம் ரூபாய்.

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிற எங்கள் அப்பா அம்மாக்களுக்கு ஒரு டன் வெட்டினால் என்ன கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு பந்து விழுந்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை நாங்கள் போட்டுப் பார்த்ததே இல்லை. விக்கிரவாண்டியைச் சுற்றியுள்ள காலனிகளில் கிரிக்கெட் பேசாத இளைஞர் கிடையாது. யார் எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்று வாயிலேயே வைத்திருக்கிறார்கள். இந்த 49 லட்சம் மட்டும் யார் வாயிலும் இல்லை. எனவேதான் எழுதுகிறோம்.

‘வாரியம்’ என்றதும் பலரும் அரசு நிறுவனம் என்று நினைக்கிறோம். இல்லை. அது ஒரு சங்கம். நம் காலனியில் இளைஞர் நற்பணி மன்றம் தொடங்கினால் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வோமோ, அதே 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்தான் இந்தியக் கிரிக்கெட் வாரியமும் பதிவாகியிருக்கிறது. சட்டம் ஒன்றுதான். மன்றத்துக்கு ஒரு கேரம் போர்டு வாங்க வீடு வீடாக வசூலுக்குப் போகிறோம். அங்கே பல்லாயிரம் கோடி.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்துதான். உரிமையை வாங்கிய கம்பெனி அதை விளம்பரத்திலும் சந்தாவிலும் திரும்ப எடுக்க வேண்டும். குளிர்பானக்காரரும் பான் மசாலாக்காரரும் விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பது ஆட்டத்தின் மீதுள்ள ஆசையால் அல்ல. ஆட்டத்தைப் பார்க்கும் நம் கண்களுக்காகத்தான். அந்தச் சந்தையில் சரக்கு கிரிக்கெட் அல்ல, நாம்தான். பணம் கட்டி ஆடும் ஒரு செயலியின் பெயரே இந்திய அணியின் சட்டையில் இருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த வகை விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் போட்ட பிறகுதான் அது இறங்கியது. அதுவரை எத்தனை பேருடைய கூலி அந்தச் சட்டைக்குப் போனதோ!

2023-இல் ஐ.பி.எல். கைபேசியில் இலவசமாக வந்தது. நாமும் சந்தோஷப்பட்டோம். ஆட்டம் இலவசம், ஆனால் டேட்டா இலவசமா? ஆட்டத்தைக் காட்டியதும் டேட்டா விற்றதும் ரிலையன்ஸ் குழுமம்தான். மும்பை அணியும் அவர்களுடையது. நெட்வொர்க்18 செய்திச் சேனல்களும் அவர்களுடையவை. 2024 நவம்பரில் ஸ்டாரும் அவர்களோடு இணைந்து ஜியோஸ்டார் ஆனது.

அது மும்பைக் கதை, நம்மூரில் அப்படி இல்லை என்று சொல்ல முடியாது. சன் குழுமத்தைப் பாருங்கள். படம் எடுக்க சன் பிக்சர்ஸ், காட்டுவதற்கு சன் டி.வி., செய்திக்கு சன் நியூஸ், படிக்கத் தினகரன், ஆட 2012-இல் வாங்கிய ஹைதராபாத் அணி. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. நாம் கிரிக்கெட், சினிமா, செய்தி என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறோம். முதலாளிக்கு அது ஒரே அடுப்பு, ஒரே சமையல். ஒன்றில் கொதிப்பதை இன்னொன்றில் பரிமாறலாம். படத்துக்குச் செய்தி விளம்பரம், செய்திக்கு நட்சத்திரம் விளம்பரம், இரண்டுக்கும் இடையில் கிரிக்கெட்.

சரி, இந்தச் சமையலில் நம் ஊர் எப்போது பரிமாறப்படுகிறது? 2024-இல் விக்கிரவாண்டி இரண்டு முறை நாடு முழுக்கத் தெரிந்தது. ஜூலையில் இடைத்தேர்தல். அக்டோபர் 27-ஆம் தேதி வி.சாலையில் நடிகர் விஜய்யின் தமிழக வெற்றிக் கழக முதல் மாநாடு. அன்றைக்குக் காலையிலிருந்து இரவு வரை எல்லாச் சேனலிலும் நம் நெடுஞ்சாலை, நம் டோல்கேட், நம் வயல்வெளி. மேடையருகே அம்பேத்கரின் கட்அவுட்டும் உயரமாக நின்றது. அதைப் பார்த்து மகிழ்ந்த எங்கள் தம்பிகளை நாங்கள் குறை சொல்லவில்லை.

ஆனால் இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் மேல்பாதி இருக்கிறது. 2023 ஏப்ரலில் அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7-ஆம் தேதி கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நீதிமன்றம் ஏறி இறங்கி, 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் உள்ளே சென்று கும்பிட முடிந்தது. இரண்டு ஆண்டுகள்! மாநாட்டுக்கு வந்த கேமராக்களில் எத்தனை, பக்கத்தில் இருக்கும் மேல்பாதி வரை போயின?

காலனி சுடுகாட்டுப் பாதை அடைக்கப்பட்ட ஒரு பிரச்சினைக்காக நாங்கள் ஒரு செய்தியாளரைக் கூப்பிட்டோம். நல்ல மனிதர். அவர் சொன்ன பதில் இது: “வர்றேண்ணே. ஆனா இதுல விஷுவல் என்னண்ணே இருக்கு? கல்லு கில்லு விட்டாங்களா?” அவர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. மாதச் சம்பளம் இல்லாமல், செய்திக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர். மேலே உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்பார் என்று தெரிந்துதான் நம்மைக் கேட்கிறார். நம் குடிசை எரிந்தால் அது விஷுவல். நம் பாதை அடைபட்டிருந்தால் அது விஷுவல் இல்லை.

மேலே உட்கார்ந்திருப்பவர் யார்? 1996-இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர், டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி, ஒருவரும் கிடைக்கவில்லை என்று எழுதினார். 23 ஆண்டுகள் கழித்து, 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் ஆங்கில, இந்தி ஊடகங்களில் ஆய்வு செய்தன. தலைமைப் பொறுப்புகள் 121. அவற்றில் 106-இல் உயர்சாதியினர். தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லை. விளம்பரதாரருக்கு வேண்டியது வாங்கும் சக்தி உள்ள கண்கள். தலைமையில் இருப்பவருக்குத் தெரிந்தது தன் தெரு. இரண்டும் சேரும் இடத்தில் சேரி செய்தியாவதில்லை.

இன்னொரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 24, 25 தேதிகளில் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் ஐ.பி.எல். ஏலம். 182 வீரர்கள், 639 கோடி ரூபாய். ரிஷப் பந்த் மட்டும் 27 கோடி. நமக்குத் தெரிந்த ஏலம் ஏரி மீன் ஏலமும் புளியமர ஏலமும். அதில் காலனிக்காரர் கைதூக்க முடியாத ஊர்கள் இன்றும் உண்டு. ஏலம் முடிந்து ஐந்தே நாளில், நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியது. ரயில்கள் நின்றன. உடனே பிரேக்கிங் நியூஸ்! சென்னைக்குப் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள் அல்லவா? அந்தப் பாலத்தின் இரு பக்கமும் தாழ்வான இடத்தில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவர்கள் யார், அவர்களுக்கு ஏன் எப்போதும் தாழ்வான இடமே கிடைக்கிறது என்பது செய்தியாகவில்லை. அரசு குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. ஐ.பி.எல்.லின் ஒரு பந்து விலையில் 2,450 குடும்பங்களுக்கு அந்த நிவாரணம் கொடுத்துவிடலாம்.

உலகச் செய்திக்கும் இதே கணக்குதான். லண்டனின் ராய்ட்டர்ஸ், பாரிஸின் ஏ.எஃப்.பி., நியூயார்க்கின் ஏ.பி. ஆகிய மூன்று ஏஜென்சிகள் அனுப்பும் படமும் செய்தியும் சந்தா கட்டினால் வந்துவிடும். காசாவில் குண்டு விழுந்தால் சில நிமிடங்களில் திண்டிவனம் டீக்கடைக்குத் தெரிகிறது. அதைப் பார்த்து நாங்கள் கலங்குகிறோம். கலங்கத்தான் வேண்டும். ஒடுக்கப்படுகிறவர் எங்கே இருந்தாலும் நம் உறவு. ஆனால் மேல்பாதிக்கு ஒருவரை வண்டி ஏற்றி அனுப்பி, இரண்டு நாள் தங்கவைத்து எழுதச் சொன்னால் அதற்குத் தனிச் செலவு. ஊடகக் கணக்கில் தூரம் என்பது கிலோமீட்டர் அல்ல.

‘அப்படியானால் கிரிக்கெட்டும் சினிமாவும் நமக்கு வேண்டாமா?’ என்று தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். அப்படிச் சொல்ல மாட்டோம். அவற்றில் நம் உழைப்பு இருக்கிறது. மீரட்டில் தோல் பந்து தைக்கும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஜாதவ் சமூகத்துத் தலித்துகள். தோல் தொட்டால் தீட்டு என்றவர்கள், அந்தக் கைகள் தைத்த பந்தைத்தான் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குகிறார்கள்.

இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளரும் ஒரு தலித்தான். பல்வாங்கர் பாலு. பூனாவில் வெள்ளையர் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு ஆடுகளம் பார்த்துக்கொண்டு, வலையில் பந்து போட்டவர். 1911-இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். ஊரில் அவருக்குத் தனிக் குவளையில் டீ. இந்துக்கள் அணிக்குக் கேப்டன் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரைத் தோற்கடிக்க ஆள் தேடிய காங்கிரஸ் யாரை நிறுத்தியது தெரியுமா? இதே பாலுவை. கேப்டன் பதவிக்கு உதவாத புகழ், அம்பேத்கருக்கு எதிராக உதவியது. அந்தத் தேர்தலில் அம்பேத்கர்தான் வென்றார். நட்சத்திரத்தின் புகழை யார் எதற்குச் செலவு செய்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் நம் மக்களுக்கு அன்றே இருந்தது.

சினிமாவிலும் 2012-இல் ‘அட்டகத்தி’ வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. நம் வீடு, நம் சாவு, நம் காதல் திரைக்கு வந்தன. 2024-இல் மட்டும் ‘ப்ளூ ஸ்டார்’, ‘லப்பர் பந்து’ என்று இரண்டு படங்கள் கிரிக்கெட்டில் இருக்கும் சாதியைப் பேசின. கைதட்டிப் பார்த்தோம். நம் கதை இப்போது விற்கிறது. ஆனால் நம் கதை விற்பதும் நாம் விடுதலை அடைவதும் ஒன்றல்ல. ‘ஜெய் பீம்’ 2021-இல் ஓ.டி.டி.யில் வந்து உலகம் முழுக்க இருளர்களைப் பற்றிப் பேச வைத்தது. நல்லது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பொய் வழக்குகளுக்கு எதிராக நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருந்தது. டிரெண்டிங் முடிந்த பிறகும் ஏறுகிறது. படம் பார்த்தவர்களில் நூற்றில் ஒருவர் அந்தப் படியில் கூட நின்றிருந்தால் போதும்.

கண்களை விற்பனைச் சரக்காக மட்டும் நினைக்காதீர்கள். அவை ஆயுதமும்கூட. நிறவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவை 1970 முதல் 1991 வரை சர்வதேசக் கிரிக்கெட் ஒதுக்கி வைத்தது. அதற்கு முதல் நெருக்கடி கொடுத்தவர்களில் இங்கிலாந்தின் மாணவர்களும் இளைஞர்களும் முக்கியமானவர்கள். மைதானத்தின் வாசலில் நின்று மறித்தார்கள். 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவோடு ஆட மாட்டோம் என்று இந்தியா கோப்பையையே விட்டுக்கொடுத்தது. அந்த அணியில் சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்தார்கள். நிறவெறிக்கு எதிராகக் கோப்பையை விட்ட நாட்டில், தலித்தைக் கோயிலுக்குள் விடாத ஊருக்கு எதிராக எந்த அணி எந்த ஆட்டத்தை விட்டது?

நமக்கு முன்னோடிகள் உண்டு. 1907 ஜூன் 19-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். விலை பெயரிலேயே இருந்தது. கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அதற்குத் துணை நின்றார்கள். 1920-இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகரின் ‘கேசரி’. விளம்பரச் சந்தையில்கூட நம் காசுக்குத் தீட்டு. அதற்காக அவர்கள் பேசாமல் இருந்துவிடவில்லை.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். ஆட்டம் பாருங்கள், படம் பாருங்கள். பார்க்கும்போது இது யாருடைய காசு, யாருக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அதே பேனாவால் இன்னொரு கணக்கை எழுதுங்கள். 2024-இல் தமிழ்நாடு சட்டமன்றம், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கான நிதியை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்று தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. உங்கள் ஊராட்சி ஒன்றியத்துக்கு அதில் எவ்வளவு வந்தது, எந்தத் தெருவுக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. பதில் வந்ததும் காலனிச் சுவரில் ஒட்டுங்கள். எந்தச் சேனலும் அதைக் காட்டாது. நம் மக்கள் நின்று படிப்பார்கள்.