ஓடுபாதையில் ஆலோலம்

ரமணாசிரமப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு மயில் விருந்தாளி அன்று, அண்டை வீட்டுக்காரர். விடியலில் அதன் அகவல். நடுப்பகலில் மொட்டைமாடிச் சுவரிலிருந்து தொங்கும் அதன் தோகை. மாலையில் முற்றத்தில் காயும் வடகத்தில் அதன் அலகு. ஆசிரமத்திற்குள் ஜாக்கி என்னும் நாய்க்கும், வள்ளி என்னும் மானுக்கும், ஒரு காக்கைக்கும், 1948-இல் மறைந்த லட்சுமி என்னும் பசுவுக்கும் சமாதிகள் உண்டு. இத்தகைய இடத்தில் இருந்துகொண்டு பறவைகளை விரட்டும் கலையைப் பற்றி எழுதுவது சற்று விநோதமானதுதான். எழுதத் தூண்டியவர் என் பழைய மாணவர் ஒருவர்.

தமிழ் முதுகலை முடித்தவர். கல்லூரிப் பணிக்கு மூன்று ஆண்டுகள் விண்ணப்பித்துச் சலித்தபின், ஒரு விமான நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தார். பறவைகளை விரட்டுவதே பணி. சென்ற ஆண்டு கிரிவலத்திற்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். எப்படி இருக்கிறது வேலை என்றேன். "நீங்கள் நடத்திய குறிஞ்சித் திணைதான் ஐயா. தினைப்புனத்திற்குப் பதில் ஓடுபாதை" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் ஒப்புமை மிகச் சரியானது. புனங்காக்கும் பெண்ணுக்கு உயரமான இதணம் இருந்தது. கையில் தழல், தட்டை, குளிர், கவண் என்று ஓசை எழுப்பவும் கல்லெறியவும் கருவிகள் இருந்தன. வாயில் ஆலோலம் இருந்தது. என் மாணவரிடம் ஜீப், பட்டாசு, ஒலிபெருக்கியில் பதிவு செய்த பறவைகளின் அபயக்குரல், எரிவாயுவில் இயங்கி வெடியோசையை மட்டும் எழுப்பும் குழல் ஆகியவை இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டு வளர்ச்சி இவ்வளவுதான்! தோல்வியும் பழையதே. குறுந்தொகையில் கபிலர் பாட்டொன்றில், தலைவி குளிரை இயக்கிப் பாட, கிளிகள் அதையும் அவளது அழைப்பென்று எண்ணித் தினையை விட்டு எழமாட்டா. விமான நிலையத்தில் நிகழ்வதும் ஏறத்தாழ அதுவே. முதல் வாரம் வெடிச்சத்தத்துக்குப் பறந்த கொக்கு, மூன்றாம் வாரம் தலையை மட்டும் திருப்பிப் பார்க்கிறது. ஆகவே ஓசையையும் இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு பறவையால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கிலோ எடையுள்ள பருந்து, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானத்தின் மேல் மோதினால், சுமார் 240 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். ஆண்மயிலுக்கு ஐந்து கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு சிறிய காரையே போட்டதாகும். எஞ்சினுக்குள் சுழலும் தகடுகளில் இது விழும்போது, உடைந்த ஒரு தகடு மற்றவற்றையும் உடைக்கலாம். பெரும்பாலான மோதல்கள் ஏறும்போதும் இறங்கும்போதும், தரைக்கு அருகிலேயே நிகழ்கின்றன. விமானிக்குச் சிந்திக்க நேரமும் திரும்ப உயரமும் இல்லாத வேளை அது.

வானூர்தி பிறந்தபோதே இதுவும் பிறந்தது. 1905-இலேயே ஆர்வில் ரைட் ஒரு பறவையை மோதியிருக்கிறார். 1912-இல் கலிபோர்னியாவில் கால்பிரெய்த் ராஜர்ஸ் என்பவர் கடற்புறாவால் உயிரிழந்தார். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கனடா வாத்துக் கூட்டம் இரண்டு எஞ்சின்களையும் செயலிழக்கச் செய்ய, விமானி ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காத்தது பலருக்கும் தெரியும். 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் நிலையத்தில் அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. சக்கரங்கள் இறங்காமல் தரையைத் தேய்த்துச் சென்ற விமானம் ஓடுபாதைக்கு அப்பாலிருந்த கான்கிரீட் மேட்டில் மோத, 179 பேர் மாண்டனர். இரண்டு எஞ்சின்களிலும் பைக்கால் கிளுவை என்னும் வாத்தின் இறகும் குருதியும் இருந்தன.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தவர் ராக்ஸி லேபோர்ன். 1960 அக்டோபரில் பாஸ்டனில் புறப்பட்ட விமானமொன்று விழுந்து 62 பேர் இறந்தனர். எஞ்சின்களில் கருகிய சிதறல்கள் மட்டுமே கிடைத்தன. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இந்த அம்மையார் அந்த எச்சங்களைக் கழுவி, உலர்த்தி, நுண்ணோக்கியில் வைத்து, மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவை என்று கண்டறிந்தார். இறகின் அடியிலுள்ள மென்தூவியின் நுண்ணிழைகளில் ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் கணுவமைப்பு உண்டு என்பதே அவருடைய அடிப்படை. பாடபேதங்களோடு போராடும் நம் பதிப்பாசிரியர்களை எனக்கு நினைவூட்டினார். செல்லரித்த ஏட்டில் எஞ்சிய இரண்டு எழுத்தைக் கொண்டு சொல்லைக் காணும் வேலைதானே இதுவும்! இன்ன பறவை என்று தெரியாமல் எப்படித் தடுப்பது? கொக்கென்றால் நீரையும் புழுவையும் பார்க்க வேண்டும், பருந்தென்றால் இறைச்சிக் கழிவை.

நம் நாட்டில் 1980-களில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் விமானத் தளங்களில் பறவைகளால் நேரும் ஆபத்தை ஆராய்ந்தது. அக்காலத்தில் விமானப்படையினர் அஞ்சிய பறவைகளுள் முதன்மையானது கழுகு, அதாவது பிணந்தின்னிக் கழுகு. ஊர்ப்புறங்களில் வீசிய மாட்டுடல்கள் அவற்றை வானில் வட்டமிட வைத்தன. பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. மாடுகளுக்குச் செலுத்திய டைக்ளோபினாக் என்னும் வலிமருந்து, அவற்றை உண்ட கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. வெண்முதுகுக் கழுகு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஒழிந்தது. 2006-இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடைசெய்யப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் சோறுண்ண வந்த மஞ்சள்முகப் பாறுகளும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து வருவதில்லை. விமானிக்கு ஓர் ஆபத்து குறைந்தது என்று இதில் மகிழ என்னால் முடியவில்லை. மாட்டுடல் கிடக்க, கழுகின் இடத்துக்கு நாய் வந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1937-ஆம் ஆண்டு வானூர்தி விதிகளில் 91-ஆவது விதி, நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் விலங்குகளை வெட்டித் தோலுரிப்பதையும் குப்பை கொட்டுவதையும் தடுத்தது. மீனம்பாக்கத்துக்கு மிக அருகிலுள்ள பல்லாவரம் பெரிய ஏரியில் ஆண்டுக்கணக்காகக் குப்பை மலையாகக் குவிந்தது இந்த விதி நடப்பில் இருந்தபோதுதான். குப்பையைக் கொட்டியது பறவையா? மனிதர் வைத்த விருந்துக்கு வந்த பருந்தைப் பட்டாசால் அடிக்கிறோம்.

வேலிக்குள் இரக்கம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நூற்றெண்பது பேர் அமர்ந்த விமானம் ஓடத் தொடங்கும் வேளையில் ஆட்காட்டிக் குருவி பறக்கத்தான் வேண்டும். ஆனால் விரட்டுவது கடைசி வேலை. முதல் வேலை, பறவைக்கு அங்கே எதுவும் கிடைக்காமல் செய்வது: தேங்கும் நீரை வடிப்பது, பழமரங்களை அகற்றுவது, புல்லை அளவாக வைப்பது. புல் விஷயம் நுட்பமானது. மிக உயர்ந்தால் எலியும் கவுதாரியும் சேரும். ஒட்ட அறுத்தால் வெட்டுக்கிளி வெளிப்பட்டு உண்ணிக்கொக்குகள் இயந்திரத்தின் பின்னாலேயே நடந்துவரும். இரவில் அறுப்பது அதனால்தான். கோவை, திருச்சி நிலையங்களில் மயில் ஒரு தலைவலி. 1963 முதல் தேசியப் பறவை, 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. சுடவும் முடியாது, தன்விருப்பமாகப் பிடிக்கவும் முடியாது. பிடித்து வேறிடத்தில் விட்டால் அவ்விடத்து உழவர் என்ன சொல்வார் என்பதை வடகம் காயப்போடும் எங்கள் தெருவே சொல்லும்.

பேச்சு இயல்பாகப் பரந்தூருக்கு வந்தது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு அந்த இடத்தை 2022-இல் அறிவித்தார்கள். ஏகனாபுரத்து மக்கள் அப்போதே போராட்டத்தில் இறங்கினார்கள். ஏரிகளும் வயல்களும் நிறைந்த பூமி. கம்பன் கால்வாய் அதன் ஊடாகச் செல்கிறது. நீர்நிலையின் அருகில் ஓடுபாதை அமைக்காதே என்பதே பறவை ஆபத்தைப் பற்றி எழுதிய எல்லோரும் சொல்லும் முதல் பாடம். நாமோ நீர்நிலைக்குள்ளேயே அமைக்க எண்ணுகிறோம். ஏரியைத் தூர்த்துவிட்டால் பறவை போய்விடும் என்று திட்டக்காரர்கள் நினைக்கக்கூடும். மழைக்காலத்தில் அந்தத் தாழ்ந்த நிலத்தில் நீர் நிற்காமல் இருக்குமா என்று மாணவரிடம் கேட்டேன்.

"நிற்கும் ஐயா. கொக்கும் வரும். எங்கள் நிலையத்தில் மழை பெய்த மறுநாள் நான் உட்காரவே முடியாது" என்றார். சற்றுப் பொறுத்து, பரந்தூரில் ஆள் எடுத்தால் தாம் விண்ணப்பிக்கப் போவதாகவும் சொன்னார். அவருக்குச் செய்யாறு பக்கம், வீட்டிலிருந்தே போய்வரலாமாம்.