தாயும் மகளும் திருச்சி சென்று வரலாமா?



திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே உள்ள சிற்றூர் வாலிகண்டபுரம். இவ்வூர்த் தாய் ஒருவர் தம் மகளுடன் வந்து என்னிடம் வினவினார்: "முப்பது ஆண்டுகளாக மருத்துவமனைக்கன்றி நான் திருச்சிக்குச் சென்றதில்லை, ஹஜ்ரத். நாங்கள் இருவரும் இரண்டு நாள் சென்று ஊரைப் பார்த்து வரலாமா?"

அவ்வினா என் உள்ளத்தைத் தைத்தது. மஹ்ரமின்றிப் பெண்கள் பயணம் செய்வது குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே முதலில் வீட்டாருடன் கலந்து பேசி, நீங்கள் நம்பும் ஆலிமிடம் தெளிவு பெறுங்கள். இரவு தங்கத் தயக்கமிருப்பின் அதிகாலை புறப்பட்டு அன்றே திரும்பிவிடலாம்.

தங்குவதாயின் உறவினர் இல்லமே சிறந்தது, செலவும் குறையும். விடுதியெனில் ஆள் நடமாட்டமுள்ள சாலையில், முன்னதாகவே பேசி அறை எடுங்கள். உட்தாழ்ப்பாளைச் சோதித்த பின்னரே பணம் செலுத்துங்கள். இருவரும் ஆதார் அட்டையும் தொழுகை விரிப்பும் எடுத்துச் செல்க. பணத்தை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி எண் 112 இரண்டையும் மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள்.

2025 முதல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் இயங்குவதால், இறங்க வேண்டிய இடத்தை நடத்துநரிடம் கேட்டறியுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. முதல் வேளை உணவை வீட்டிலிருந்தே கட்டிச் சென்றால் செலவு மேலும் சுருங்கும்.

முதல் நாள் நத்தர்வலி தர்காவைக் காணுங்கள். அதற்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்புண்டு. 1751இல் வாலிகண்டபுரத்தை அடுத்த இரஞ்சன்குடிக் கோட்டைப் பகுதியில், பிரெஞ்சியர் துணையுடன் சந்தா சாகிபும் ஆங்கிலேயர் துணையுடன் முகம்மதலியும் ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக மோதினர். சந்தா சாகிபு 1752இல் கொல்லப்பட்டார். முகம்மதலி 1795இல் மறைந்தார். ஒரு நாட்டை ஆள அடித்துக்கொண்ட அவ்விருவரும் இன்று அந்த ஒரே வளாகத்தில் அடங்கியுள்ளனர். இதனினும் பெரிய படிப்பினை உண்டா?

பின்னர் மலைக்கோட்டையையும் பெரிய கடைவீதியையும் பார்த்துவிட்டு, மஃக்ரிபுக்கு முன் தங்குமிடம் சேருங்கள். மறுநாள் காலை, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு. ளுஹருக்குப் பின் புறப்பட்டால் இருட்டும் முன் இல்லம் வந்து சேரலாம்.

அத்தாயும் மகளும் சென்று வந்தனர். "மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான் அந்த மலை இருந்திருக்கிறது, ஹஜ்ரத். இத்தனை காலம் நான் நிமிர்ந்து பார்த்ததேயில்லை" என்றார் அத்தாய்.

குடும்பத் தலைவர்களே! நம் வீட்டுப் பெண்கள் நிமிர்ந்து பார்க்க, ஆண்டிற்கு இரண்டு நாள்கள் ஒதுக்கித் தரலாகாதா? அல்லாஹ் அவர்களின் பயணங்களை இலேசாக்கி வைப்பானாக!